வருஷ இலக்கு எழுதுறியா? முதல்ல வவுச்சர் எங்கேன்னு கேளு

அப்ரைசல் படிவம் வந்ததும் போன வருஷத்து ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் மாத்தி அனுப்புற ஆளா நீ? நிறுத்து கண்ணு. "டெக்னிக்கல் அறிவை வளர்த்துக்கொள்வேன், டீமோடு இணைந்து பணியாற்றுவேன்"னு எழுதினா அது எந்த ஆபீஸுக்கும், எந்த வருஷத்துக்கும், யாருக்கும் பொருந்தும். உனக்குன்னு அதில் ஒண்ணுமே இல்லை.

க்ளையண்ட் வந்து "செலவு பண்ணிட்டேன்"னு சொன்னா நீ என்ன கேட்பே? வவுச்சர் கேட்பே. "சரக்கு இருக்கு"ன்னு சொன்னா குடோனைத் திறக்கச் சொல்வே. அதே கேள்வியை உன் இலக்கைப் பார்த்தும் கேளு. வருஷக் கடைசியில் எடுத்துக் காட்ட ஒரு ஃபைலோ, ஒரு ஒர்க்கிங் பேப்பரோ, ஒரு சான்றிதழோ இருக்கணும். இல்லாட்டி அதுக்குப் பேர் ஆசை. ஆசைப்பட்டதுக்கு யாரும் இன்க்ரிமென்ட் தர மாட்டாங்க.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் குடோனில் மூட்டை எண்ணப் போற பிள்ளைகளுக்கும், எர்ணாகுளத்து ஏசி ஆபீஸில் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்றேன். உனக்கு நேரம் இல்லைன்னு தெரியும். அதனால் நம்பர் போட்டே தர்றேன்.

1. ஜனவரி ஒண்ணை விடு, நவம்பரில் எழுது

மட்டாஞ்சேரியில் புது வருஷத்துக்குப் பஞ்சமே கிடையாது. குஜராத்தி வியாபாரிகள் தீபாவளிக்கு சோப்டா பூஜை போட்டுப் புதுக்கணக்கு திறப்பாங்க. மலையாளிகளுக்கு சிங்கம் ஒண்ணு. நம்ம வீட்டில் சித்திரை ஒண்ணு. அரசாங்கத்துக்கு ஏப்ரல் 1. ஆடிட்டருக்கு எது தெரியுமா? செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட், அக்டோபர் 31 ரிட்டர்ன், ரெண்டும் முடிஞ்ச மறுநாள்தான். சில வருஷம் கெடுவை நீட்டிப்பாங்க. அப்போ நீயும் அதோடு சேர்ந்து தள்ளிக்கோ.

ஏன் அப்போன்னு கேட்டா, எந்த ஃபைலில் திட்டு வாங்கினே, எந்தக் கேள்விக்குத் திருதிருன்னு முழிச்சே, எந்த வேலையை மூணு தடவை திரும்பச் செஞ்சேன்னு நவம்பர் முதல் வாரத்தில் பசுமையா நினைவிருக்கும். ஜனவரியில் பாதி மறந்துடும். மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுப்பு, ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட்னு ஓட்டம் ஆரம்பிச்சா யோசிக்கவே நேரம் இருக்காது. ஆபீஸ் படிவம் எப்போ வேணும்னாலும் வரட்டும், உன் தாள் தயாரா இருந்தா காப்பி பண்ணிப் போடுறது அஞ்சு நிமிஷ வேலை.

2. எழுதுறதுக்கு முன்னாடி ரிவ்யூ நோட்டைப் படி

உன் குறை என்னன்னு யோசிச்சு யோசிச்சு மண்டையை உடைச்சுக்காதே. மேனேஜர் ஏற்கெனவே எழுதி வச்சிருக்கார். போன சீசனில் உன் ஃபைல்களில் வந்த ரிவ்யூ நோட்டையெல்லாம் ஒரே எக்செல்லில் கொட்டு. பக்கத்துக் கட்டத்தில் காரணத்தை ஒரே வார்த்தையில் போடு: சாம்பிள், கட்-ஆஃப், டிடிஎஸ், ஜிஎஸ்டி, எழுத்து, அவசரம். அப்புறம் வரிசைப்படுத்திப் பாரு. எது அதிகம் வருதோ அதுதான் முதல் இலக்கு. இதுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

நோட்டைப் படிச்சு மனசு சுருங்கிப் போகாதே. சிவப்பு மையில் எழுதித் தர்ற மேனேஜர் உன் மேல் நேரம் செலவழிக்கிறார். ஒண்ணுமே எழுதாம கையெழுத்துப் போடுற இடத்தில்தான் நீ கவலைப்படணும்.

3. மூணு இலக்கு போதும்

பத்து எழுதினா ஒண்ணும் நடக்காது. சட்டம் அல்லது தொழில் அறிவில் ஒண்ணு, கருவியில் ஒண்ணு, மனுஷங்களோடு பழகுறதில் ஒண்ணு. அவ்வளவுதான்.

"கூட படிச்சவ எங்கேயோ போயிட்டா, நான் மட்டும் இங்கேயே இருக்கேன்"னு புலம்புறவங்களுக்கு ஆர். சிவபோகத்தை நினைவுபடுத்துறேன். சென்னைக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1933இல் இந்தியாவின் முதல் பெண் கணக்காயராகத் தேறினார். சிறை சென்றவர் தொழில் செய்யக் கூடாதுன்னு விதி குறுக்கே நின்னது. வழக்குப் போட்டு ஜெயிச்சு 1937இல்தான் சொந்தமா ஆபீஸ் போட்டார். 1955இல் நம்ம இன்ஸ்டிட்யூட்டின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைவரானார். பாஸ் பண்ணினதிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் 22 வருஷம். நீ ஒரே வருஷத்துக்குள் எல்லாத்தையும் அடைக்கப் பார்க்காதே.

4. "மேம்படுத்துவேன்" என்ற சொல்லுக்குத் தடை

அந்தச் சொல் வந்தா உடனே அடி. எப்படி மாத்தி எழுதணும்னு காட்டுறேன், பாரு.

- "எக்செல் திறமையை மேம்படுத்துவேன்" வேண்டாம். "ஜனவரி 31க்குள், ஜிஎஸ்டிஆர் 2பி-யையும் பர்ச்சேஸ் லெட்ஜரையும் பவர் க்வெரியில் ஒப்பிடும் ஒரு ஷீட் தயார் செய்து, மூன்று க்ளையண்ட்டுக்குப் பயன்படுத்துவேன்"னு எழுது.
- "கம்யூனிகேஷனை வளர்ப்பேன்" வேண்டாம். "இந்த வருஷம் இரண்டு ஆடிட்டில் க்ளோசிங் மீட்டிங்கை நானே நடத்துவேன், பார்ட்னர் பக்கத்தில் இருப்பார்"னு எழுது.
- "நேர மேலாண்மை" வேண்டாம். "ரிப்போர்ட்டில் கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள் என் ஃபைல்களை மூடுவேன்"னு எழுது.

ஒவ்வொண்ணிலும் தேதி இருக்கு, எண் இருக்கு, எடுத்துப் பார்க்க ஒரு பொருள் இருக்கு. இந்த மூணும் இல்லாத வரியை நீயே க்வாலிஃபை பண்ணிடு.

5. ஒரு தொழிலையாவது அடிவரைக்கும் படி

நான் மிக அழுத்திச் சொல்றது இது. எல்லா க்ளையண்ட்டையும் ஒரே செக்லிஸ்ட்டில் ஓட்டுற ஆடிட்டர் பத்து வருஷம் கழிச்சும் செக்லிஸ்ட்டோடுதான் நிற்பார். ஒரு தொழிலைப் பிடி. மட்டாஞ்சேரியில் இருந்துக்கிட்டு மிளகை விட்டுட்டு வேற எங்கே தேடப் போறே? ஜூ டவுனில் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம் இருக்கு. மிளகுக்கு முன்பேர வர்த்தகம் நடந்த இடம் அது. இடுக்கியிலிருந்தும் வயநாட்டிலிருந்தும் வர்ற சரக்கு உன் ஆபீஸ் வாசல் வழியாத்தான் போகுது.

மிளகுக் குடோனில் ஸ்டாக் எடுக்கப் போகும்போது இதெல்லாம் கவனி:

- அடுக்கின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினா மூட்டைக் கணக்கு வந்துடும்னு கீழேயே நின்னுடாதே. ஏறிப் பாரு. நடுவில் குழி விட்டு அடுக்கியிருந்தா கீழே நிற்கிறவருக்குத் தெரியாது.
- பின்வரிசையிலிருந்து ஒரு மூட்டையை உருவி எடுக்கச் சொல். எதை எடுக்கணும்னு நீதான் காட்டணும். அவங்க காட்டுறதை எடுக்காதே.
- குத்தூசி போட்டுக் கையில் வாங்கிப் பாரு. கனமா உருளுதா, சொத்தையும் தூசியுமா இருக்கா? வியாபாரிகள் லிட்டர் எடை பார்ப்பாங்க. ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் நிற்குதுன்னு வச்சுத்தான் தரம், விலை எல்லாம். விலை மதிப்பீட்டுக்கு உனக்கு இது தெரியணும்.
- ஈரப்பதத்தோடு வாங்கின சரக்கு காய்ஞ்சு, புடைச்சு, சலிச்ச பிறகு எடை குறையும். "குறைஞ்சு போச்சு"ன்னு சொன்னா தலையாட்டாதே. எத்தனை சதவீதம், போன வருஷம் எத்தனை, லேப் ரிப்போர்ட் எங்கேன்னு கேளு. காணாம போன சரக்கும் இந்தக் "குறைவு" கணக்குக்குள் ஒளிஞ்சுக்கலாம்.
- குடோனில் இருக்கிறதெல்லாம் அவருடையதான்னு கேளு. இன்னொருத்தர் சரக்கு வாடகைக்கு இறங்கியிருக்கலாம். வங்கிக்கு ஈடு வச்சதும் இருக்கலாம்.
- எண்ணின ஷீட்டில் குடோன் பொறுப்பாளர் கையெழுத்தை அங்கேயே, அப்போதே வாங்கு. "ஆபீஸுக்கு வந்து போடுறேன்"ன்னா விடாதே.
- மாஸ்க், டார்ச், மூடின செருப்பு கொண்டு போ. சுக்குத் தூசியும் மிளகாய் நெடியும் உன் டிகிரியைப் பார்த்து ஒதுங்காது.

இதோடு கட்-ஆஃப். மார்ச் 31 தேதியில் இன்வாய்ஸ் போட்டிருப்பாங்க. வல்லார்பாடத்தில் கண்டெய்னர் கப்பல் ஏறின தேதி ஏப்ரல் 4ன்னு பில் ஆஃப் லேடிங் சொல்லும். கப்பலில் ஏத்திக் கொடுக்கிறதா ஒப்பந்தம் இருந்தா அந்த விற்பனை எந்த வருஷத்துக்குப் போகும்? இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், வங்கியில் பணம் வந்ததுக்கான சான்று, நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்க்கப் பழகிட்டா ஏற்றுமதி க்ளையண்ட் யாரைப் பார்த்தும் நீ பயப்பட வேண்டாம்.

"ஸ்டாக் ஷீட்டை அனுப்பி வைக்கிறோம், நேரில் எதுக்கு?"ன்னு யாராவது கேட்டா மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் கதையைச் சொல். அமெரிக்க மருந்துக் கம்பெனி. கனடாக் கிடங்குகளில் சரக்கு இருக்குன்னு புத்தகத்தில் எழுதியிருந்தாங்க. சரக்கும் இல்லை, கிடங்கும் இல்லை. ஆடிட்டர்கள் காகிதத்தைப் பார்த்தாங்க, நேரில் போகலை. அன்னிக்கு அது கட்டாயமும் இல்லை. 1938இல் குட்டு உடைஞ்சது. 1939இல் அங்கே சரக்கை நேரில் பார்க்கணும்னு நடைமுறையே மாறிச்சு. நமக்கு இன்னிக்கு எஸ்ஏ 501 அதைத்தான் சொல்லுது.

உன் இலக்குத் தாளில் எழுத வேண்டியது: "மார்ச்சுக்குள் மிளகு வியாபாரத்துக்கு ஆபீஸ் உபயோகத்துக்கான மூன்று பக்கக் குறிப்பு எழுதி மேனேஜரிடம் தருவேன்." அடுத்த வருஷம் புதுப் பையன் அதை எடுத்துப் படிப்பான். அதைவிடப் பெரிய சான்று ஏது?

6. சட்டத்தில் எல்லாத்தையும் படிக்க உட்காராதே

புதுசா மாறினதில் ஒண்ணை எடு, அதை முழுசா முடி. இப்போ கைமேல் இருக்கிறது வருமான வரிச் சட்டம் 2025. 2026 ஏப்ரல் 1 முதல் அமல். 536 பிரிவு. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டுன்னு இருந்த ரெண்டும் போய் "வரி ஆண்டு" வந்திருக்கு. டாக்ஸ் ஆடிட்டுக்கு 44ஏபி-ன்னு நாக்கில் பழகினது இனிமே 63. டிடிஎஸ் பிரிவுகளில் சம்பளம் 392, மத்தது பெரும்பாலும் 393.

ஜாக்கிரதை: 2025–26 நிதியாண்டுக் கணக்கு பழைய 1961 சட்டப்படிதான். அதனால் ரெண்டும் மேசையில் இருக்கணும். பழைய எண், புது எண், நம்ம க்ளையண்ட்டில் யாருக்குப் பொருந்தும்னு மூணு பத்தி போட்டு ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன்னு கிளம்பினவங்க பத்தாவது பக்கத்தில் தூங்கியிருக்காங்க.

கம்பெனி ஆடிட் செய்றவங்க எடிட் லாகையும் சேர்த்துக்கோ. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் அது இருக்கணும், இருக்கான்னு நாம ரிப்போர்ட்டில் சொல்லணும். பார்ட்னர்ஷிப் கடைக்கு இந்த விதி இல்லை. அங்கே போய் இதைக் கேட்டுக் கணக்கப்பிள்ளையைக் குழப்பாதே.

7. பரீட்சை பாக்கி இருந்தா அதுதான் முதல் இலக்கு

ஆர்ட்டிகிள் பிள்ளைகளே, ஃபைனல் பாக்கி இருக்கும்போது மூணு இலக்கெல்லாம் வேண்டாம். பரீட்சை ஒண்ணு, ஆபீஸ் வேலையில் ஒண்ணு. எந்தப் பரீட்சைன்னு இப்பவே தீர்மானம் பண்ணி பார்ட்னரிடம் வாய்விட்டுச் சொல்லிடு. செப்டம்பர் அட்டெம்ப்டைத் தேர்ந்தெடுத்தா அது டாக்ஸ் ஆடிட் சீசனோடு மோதும். லீவு கிடைக்குமான்னு ஜூனிலேயே பேசு. ஆகஸ்டில் கண்ணைக் கசக்கிப் பிரயோஜனம் இல்லை.

பாஸ் பண்ணி ப்ராக்டிஸ் சான்றிதழ் வச்சிருக்கிறவங்க சிபிஇ மணியை டிசம்பருக்குத் தள்ளாதீங்க. அது காலண்டர் வருஷக் கணக்கு. கடைசி வாரம் கிடைச்ச வகுப்பில் போய் உட்காருவீங்க, ஒண்ணும் மண்டையில் ஏறாது. உங்க முதல் இலக்குக்குப் பொருந்துற வகுப்பா தேடி எர்ணாகுளம் கிளையில் முன்கூட்டியே பேர் கொடுங்க. ஒரே நேரத்தில் ரெண்டு வேலை முடியும்.

8. கேள்வி கேட்கிறதையும் இலக்கா எழுது

நல்ல ஆடிட்டுக்குப் பாதி உயிர் க்ளையண்ட் ஆபீஸ் கணக்கப்பிள்ளை கையில் இருக்கு. முதலாளிக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அவரைப் படுத்தாதே.

- பத்துக் கேள்விக்குப் பத்துத் தடவை ஓடாதே. சேர்த்து ஒரே தாளில் எழுதிக் கொடு.
- "சேட்டா, இதொண்ணு பார்த்துச் சொல்லுங்க"ன்னு மரியாதையா ஆரம்பி. அதுக்காகப் பதில் இல்லாத கேள்வியை "சரி"ன்னு விடாதே.
- தமிழ்நாட்டிலிருந்து புதுசா வந்திருக்கியா? மலையாளம் பேசினா மட்டும் போதாது, படிக்கக் கத்துக்கோ. வாடகை ஒப்பந்தம், எடைச் சீட்டு, கூலி ரசீது எல்லாம் மலையாளத்தில்தான் வரும். "ஜூனுக்குள் ஒரு வாடகை ஒப்பந்தத்தை உதவியில்லாமல் படிப்பேன்" என்பது அருமையான இலக்கு. எர்ணாகுளத்துக்குப் படகில் போற நேரத்தில் ரீல்ஸ் பார்க்காம எழுத்துக் கூட்டிப் பழகு.

9. பார்க்காததுக்கு டிக் போட மாட்டேன்: இது வருஷா வருஷம்

மூணு இலக்குக்குள் இதைச் சேர்க்காதே. இது எப்பவும் மேலே தனியா நிற்கணும்.

2009 ஜனவரி 7இல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தானே எழுதின கடிதத்தில், வங்கியில் இல்லாத பணத்தைக் கணக்கில் காட்டினதா ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன தொகை 5,040 கோடி. வங்கியில் எவ்வளவு இருக்குன்னு வங்கியையே நேரடியாக் கேட்டு, பதிலை நேரா வாங்குறதுதான் நம்ம வேலையின் அடிப்படை. எஸ்ஏ 505 அதுக்குத்தான் இருக்கு. கன்ஃபர்மேஷன் லெட்டரை நீயே அனுப்பு, பதில் உன் ஆபீஸுக்கே வரணும். "நாங்களே வாங்கித் தர்றோம் மேடம், சிரமப்படாதீங்க"ன்னு அன்பாச் சொல்வாங்க. டீயைக் குடி, நன்றி சொல், லெட்டரை நீயே அனுப்பு.

நேரமில்லாம ஒரு வேலையை விட்டிருந்தா "செய்யப்படவில்லை"ன்னு எழுதி வை. மேனேஜர் கோபப்படுவார், அவ்வளவுதான். செய்யாததைச் செய்ததா எழுதிட்டா அந்த ஃபைல் குறைஞ்சது ஏழு வருஷம் உன் பேரோடு அலமாரியில் இருக்கும். சின்னச் சம்பளத்தில் இருக்கும்போதே இந்தப் பழக்கம் வரலைன்னா பெரிய கையெழுத்து போடும்போது வரவே வராது. உன் நல்ல பேருக்காகத்தான் இவ்வளவு கண்டிப்பாச் சொல்றேன்.

10. ஃபைலை மூடினாத்தான் வேலை முடிஞ்சது

ரிப்போர்ட் கொடுத்தாச்சு, அடுத்த க்ளையண்ட்னு ஓடாதே. ரிப்போர்ட் தேதியிலிருந்து 60 நாளுக்குள் ஃபைலை ஒழுங்கா அடுக்கி மூடணும்னு எஸ்ஏ 230 சொல்லுது. 30 நாள்னு நீயே கெடு வச்சுக்கோ. மீதி 30 நாள் எதிர்பாராததுக்கு. சுலப வழி: வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம், அந்த வாரத்து ஒர்க்கிங் பேப்பருக்கு நம்பர் போட்டு லிங்க் கொடுத்துடு. சேர்த்து வச்சுச் செய்தா எந்த ஷீட் எதுக்குன்னு உனக்கே தெரியாது.

11. வருஷத்தில் ரெண்டு தடவை எடுத்துப் பாரு

பிப்ரவரியில் ஒரு தடவை, ஜூலை முதல் வாரத்தில் ஒரு தடவை. நடக்காத இலக்கை வெட்கப்படாம வெட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுது. க்ளையண்ட் மாறிட்டார், டீம் மாறிட்டுதுன்னா இலக்கும் மாறலாம். ஆகஸ்ட், செப்டம்பருக்கு மட்டும் புது இலக்கு எதுவும் வைக்காதே. அந்த ரெண்டு மாசம் நேரத்துக்குச் சாப்பிடு, கடைசிப் படகு போறதுக்குள் கிளம்பு, வீட்டில் உனக்காகக் காத்திருக்கிறவங்களுக்கு ஒரு போன் போடு. அது போதும்.

இதையெல்லாம் எழுதாதே

- "பார்ட்னர் ஆவேன்." அது இன்னொருத்தர் முடிவு. நீ செய்யக்கூடியதை மட்டும் எழுது.
- "இன்ன சம்பளம் வாங்குவேன்." பேசு, தாராளமாப் பேசு. ஆனா இலக்குத் தாளில் வேண்டாம்.
- பக்கத்து சீட்டுக்காரர் சேர்ந்தார்னு ஒரு கோர்ஸ். ஐஎஸ்ஏ, தடயக் கணக்கியல் எல்லாம் நல்லதுதான். உன் க்ளையண்ட்டில் யாருக்கு அது உதவும்னு ஒரு பேர் சொல்ல முடிஞ்சா மட்டும் சேரு.
- யூடியூப் பார்த்து எடுத்த ஆங்கில வாசகங்கள். உன் வேலையை உன் வார்த்தையில் எழுது.

அப்ரைசல் அன்னிக்கு

கையை வீசிக்கிட்டுப் போகாதே. மூணு இலக்கு, ஒவ்வொண்ணுக்கும் சான்று, எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். எக்செல் ஷீட், மிளகுக் குறிப்பு, மூடின ஃபைல்களின் தேதிப் பட்டியல். "நான் நல்லா வேலை செஞ்சேன் சார்"னு நீ சொல்ல வேண்டிய தேவையே வராது. நடக்காததையும் நீயே முதலில் சொல்லிடு, அப்போதான் நடந்ததை நம்புவாங்க. கடைசியா ஒரு கேள்வி கேட்டுட்டு வா: "அடுத்த வருஷம் எந்த வேலையை என்னை நம்பி முழுசாக் கொடுப்பீங்க?" அவர் சொல்ற பதிலை அப்படியே எழுதிக்கோ. அடுத்த நவம்பருக்கு முதல் இலக்கு கிடைச்சாச்சு.

இப்போ போய் ரிவ்யூ நோட்டைத் தேடி எடு. நாளைக்குன்னு சொல்லாதே, நாளைக்கு ஜிஎஸ்டி கெடு ஏதாவது இருக்கும்.